கணக்கெழுத வந்த நாம் கைவிட்ட கணக்கு

மும்பையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிற தமிழர்களாகிய நாம் நமக்குள் ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேசியதே இல்லை. ஓர் அப்ளிகேஷன் சர்வருக்குப் பின்னால் டேட்டாபேஸ் சர்வரை முறையாக நிறுவுவது எப்படி என்று நமக்கு நன்றாகத் தெரியும். செம்பூரில் ஹார்பர் லைன் பிடித்து வாஷிக்கும், மாட்டுங்காவிலிருந்து ஃபோர்ட்டுக்கும், தாராவியிலிருந்து பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸுக்கும் போய் வங்கிகளுக்கும் பங்குத் தரகர்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் அதைத்தான் செய்து கொடுத்தோம். அதே வேலையை நம் சங்கத்துக்கும், நம் பள்ளிக்கூடத்துக்கும், தெருமுனைக் கடன் சொசைட்டிக்கும், தாராவியின் தோல்பைப் பட்டறைக்கும் செய்து கொடுக்க உட்கார்ந்தபோது பாதியில் எழுந்து வந்துவிட்டோம்.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். திரையில் தெரிகிற உறுப்பினர் படிவம், கட்டண ரசீது, தேடும் பெட்டி எல்லாம் அப்ளிகேஷன் சர்வரில் ஓடுபவை. அந்தப் படிவத்தில் எழுதியதை நினைவில் வைத்திருப்பது டேட்டாபேஸ் சர்வர். முதலாவது நின்றுபோனால், புரோகிராமின் பிரதி கையில் இருந்தால் போதும், வேறோர் இயந்திரத்தில் ஏற்றிவிடலாம். இரண்டாவது அழிந்தால் அழிந்ததுதான். இருபது வருடச் சந்தா வரவு, இன்று உயிரோடு இல்லாத ஒருவர் கொடுத்த நன்கொடை, ஒரு பிள்ளை எந்த வருடம் எந்த வகுப்பில் படித்தது என்ற பதிவு, இவை எந்தக் கடையிலும் கிடைக்காது. இது தெரிந்தும் நம் நேரத்தையெல்லாம் முதலாவதன் மேல்தான் செலவழித்தோம். ஆண்டு விழாவில் திரையிட்டுக் காட்டினோம், கைதட்டினார்கள். பின்னால் தகவல் எங்கே இருக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நாமும் சொல்லவில்லை. புதுக் கட்டடத்தின் முகப்புக்குப் பெயின்ட் அடித்துவிட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தே பார்க்காமல் விட்ட காரியம் அது.

மற்றவர்களைவிட நமக்கு இது கூடுதலாக உறுத்த வேண்டும். இந்த நகரத்துக்கு வந்த தமிழர்களில் ஒரு சாரார் பிழைத்ததே பதிவேட்டைப் பிழையில்லாமல் வைத்திருந்ததால்தான். டைப்பிஸ்ட், ஸ்டெனோ, கணக்கர், வங்கி குமாஸ்தா என்று மாட்டுங்காவையும் பிறகு செம்பூரையும் நிரப்பிய தலைமுறை அது. 1932ல் மாட்டுங்காவில் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியைத் தொடங்கித் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அமைத்துக்கொண்டவர்கள். 1960ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஃப்ராக் என்ற கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கியபோது அதைக் கட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆர். நரசிம்மன், சென்னையில் பிறந்தவர். வங்கிகளில் கம்ப்யூட்டரைக் கொண்டுவர 1980களில் ரிசர்வ் வங்கி அமைத்த இரண்டு குழுக்களுக்கும் தலைவர் சி. ரங்கராஜன். 1994ல் தேசியப் பங்குச் சந்தை திரைவழி வணிகத்தைத் தொடங்கியது. 1996ல் பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் என்எஸ்டிஎல் வந்தது. அதுவரை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்த பங்குப் பத்திரம் அதன்பின் ஒரு டேட்டாபேஸில் உள்ள வரியாக மாறியது. அந்த வரிகளைக் காத்து நின்றவர்களில் நாமும் இருந்தோம். ஒழுங்காகவே காத்தோம், ஏனென்றால் தணிக்கைக்காரர் வருவார், ரிசர்வ் வங்கி கேட்கும், தவறினால் வேலை போகும்.

சங்கத்தில் கேட்பதற்கு ஆள் இல்லை.

அங்கே நாம் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் செய்திருக்கிறோம். யாரோ நன்கொடையாகக் கொடுத்த ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில் அப்ளிகேஷனையும் டேட்டாபேஸையும் சேர்த்து வைத்தோம். முந்நூறு உறுப்பினர் உள்ள அமைப்புக்கு அது போதும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியூரில் இருக்கும் உறுப்பினர்களும் இணையம் வழியாகச் சந்தா கட்டட்டும் என்று ஒருநாள் முடிவெடுத்தார்களே, அன்றுதான் நாம் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். இணையத்துக்கு முகம் காட்டும் இயந்திரம் ஒன்றாகவும், தகவல் இருக்கும் இயந்திரம் இன்னொன்றாகவும் பிரித்து, இரண்டாவதை உள் நெட்வொர்க்கில் வைத்து, அப்ளிகேஷன் சர்வர் தவிர வேறு யாரும் அதன் கதவைத் தட்ட முடியாதபடி ஃபயர்வால் போட்டிருக்க வேண்டும். நாம் இருந்த இயந்திரத்தையே அப்படியே வெளியே திறந்துவிட்டோம்.

சிலர் பிரித்தோம். பிரித்த இடத்திலும் என்ன செய்தோம்? போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸை நிறுவினால், அது முதலில் தன் சொந்த இயந்திரத்திலிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கும். அதை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே வைத்த எச்சரிக்கை அது. அப்ளிகேஷன் சர்வரை வேறு இயந்திரத்துக்கு மாற்றியதும் இணைப்பு மறுக்கப்படும். அந்த நேரத்தில் மணி இரவு பத்து, காலையில் திறப்பு விழா. எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்ற இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டோம். அதாவது எங்கிருந்து வந்தாலும் கேள். யாரை உள்ளே விடலாம் என்று எழுதும் கோப்பில் 0.0.0.0/0 என்று எழுதினோம். அதாவது உலகத்தில் உள்ள எல்லாரையும் விடு. அவசரம் மிஞ்சியபோது பாஸ்வேர்டே கேட்காத முறையையும் போட்டோம். அப்ளிகேஷன் ஓடியது. அந்த வரிகளை மறுநாள் மாற்றிவிடலாம் என்று நினைத்தோம். 5432 என்ற போர்ட் அன்றிலிருந்து திறந்தே கிடக்கிறது. திறந்த போர்ட்டுகளைத் தேடி இணையம் முழுவதையும் ஓயாமல் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் ஏராளமாக ஓடுகின்றன என்பது நமக்குத் தெரியாததா? 2017ன் தொடக்கத்தில் இப்படித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி டேட்டாபேஸ்களை உலகமெங்கும் அழித்துவிட்டு, பணம் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்று ஒரு குறிப்பை மட்டும் விட்டுப் போனார்கள். அதே ஆண்டில் மைஎஸ்கியூஎல் சர்வர்களுக்கும் அது நடந்தது.

அடுத்தது, அப்ளிகேஷன் எந்தப் பெயரில் டேட்டாபேஸுக்குள் போகிறது என்பது. போஸ்ட்கிரெஸ்ஸில் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல்லில் ரூட், மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வரில் எஸ்ஏ என்று எல்லா அதிகாரமும் உள்ள ஒரு பெயர் இருக்கும். நாம் அந்தப் பெயரையே அப்ளிகேஷனுக்குக் கொடுத்தோம். அப்ளிகேஷனில் ஏதோ ஒரு தேடும் பெட்டியில் ஓட்டை இருந்து, அதன் வழியாக ஒருவன் தன் கட்டளையை உள்ளே செலுத்திவிட்டால், அவனுக்கு ஒரு டேபிளைப் படிக்கும் உரிமை மட்டும் கிடைப்பதில்லை, எல்லாவற்றையும் துடைத்தெறியும் உரிமையும் சேர்ந்தே கிடைக்கிறது. டேபிள்களை உருவாக்க ஒரு பெயர், அப்ளிகேஷன் தினமும் எழுதவும் படிக்கவும் தேவையான அளவுக்கு மட்டும் உரிமையுள்ள இன்னொரு பெயர், அறிக்கை எடுக்கும் கணக்காளருக்கு வெறுமனே படிக்கும் உரிமையுள்ள மூன்றாவது பெயர். இவற்றை உருவாக்க அரை மணி நேரம்கூட ஆகாது. வங்கியில் இதைச் செய்யாமல் விட்டால் நம்மை லைவ் போகவே விடமாட்டார்கள். உறுப்பினர்களின் செல்பேசி எண்ணும் முகவரியும் ஆதார் நகலும் இருக்கும் சங்கத்து டேட்டாபேஸில் செய்யாமல் விட்டோம். அந்த ரூட் பாஸ்வேர்டையும் வாட்ஸ்அப்பில் ஐந்து பேருக்கு அனுப்பினோம். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் கொடுக்கிறது. சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டிய வேலை இல்லை இது, நம்பி எழுதிக் கொடுத்த மனிதர்களுக்காகச் செய்ய வேண்டியது.

நிறுவிய பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காததும் நம் வழக்கம். 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வரில் இருந்த ஓர் ஓட்டை வழியாகப் பத்தே நிமிடத்தில் சுமார் 75,000 இயந்திரங்களைப் பிடித்தது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஆறு மாதத்துக்கு முன்பே வெளியாகியிருந்தது. நம்மில் மூத்தவர்களுக்கு அந்தச் சனிக்கிழமை நன்றாக நினைவிருக்கும். அலுவலகத்தில் அதிலிருந்து பாடம் கற்றோம். பள்ளிக்கூடத்தில் நிறுவிய டேட்டாபேஸின் பதிப்பு எண் இன்றும் நாம் நிறுவிய அன்று இருந்த எண்தான்.

இணைப்புகளின் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளை ஏற்கும், அதிலும் மூன்றை நிர்வாகிக்கென ஒதுக்கிவைக்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக ஒரு புராசஸ், தனியாக நினைவகம். ஒவ்வோர் அப்ளிகேஷன் சர்வரிலும் 30 இணைப்புகளைத் தயாராகத் திறந்து வைத்து (பூல் என்பார்கள்), கூட்டம் கூடியதும் சர்வரை ஒன்றிலிருந்து நான்காக்கினால் 120 ஆகிறது. பள்ளிக் கட்டணம் கட்டக் கடைசி நாளில், பெற்றோர் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே வரும்போது, இடம் இல்லை என்று டேட்டாபேஸ் மறுத்துவிடும். பள்ளிக்கூட அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்மணி அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். சாதாரணப் பெருக்கல் கணக்கு இது. போட்டுப் பார்க்காமல் விட்டோம்.

இதுவரை சொன்னவை எந்த ஊரிலும் நடக்கக்கூடியவை. இனிச் சொல்லப் போவது நம்முடையது.

தாராவிக்கு வந்த தமிழர்கள் வேறு வழியாக வந்தவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து, சதுப்பு நிலத்தைத் தங்கள் கையால் மேடாக்கி, அதன்மேல் கோலி என்ற சிறு அறை வீடுகளைக் கட்டிக்கொண்டவர்கள். மாட்டுங்காவிலிருந்து அவர்கள் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். அந்த நடையை நம்மில் படித்தவர்கள் அதிகம் நடக்கவில்லை. அவர்களுடைய சங்கங்களில் நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. சந்தா எழுதியவை, கோயில் கொடைக்கு வரி எழுதியவை, சாவுக்கு உதவி கொடுத்ததை எழுதியவை. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்டு வந்தவர்களுக்கு நாம் ஓர் எக்ஸெல் ஷீட்டைப் போன்ற ஒற்றை டேபிளைப் போட்டுக் கொடுத்தோம்.

அந்த டேபிளில் பெயருக்கு மூன்று கட்டம் வைத்தோம். மகாராஷ்டிரத்தில் பெயர் எழுதும் முறை அது: தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட முடியாதபடி கட்டாயமாக்கினோம். நம் வீட்டில் யாருக்காவது குடும்பப் பெயர் உண்டா? ஓர் எழுத்தை முன்னால் வைத்துக்கொண்டு இந்த ஊரில் பள்ளியிலும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் நாமே பட்ட பாடு கொஞ்சமா? இருந்தும் நாம் உருவாக்கிய டேபிளில் அதே கட்டாயத்தை வைத்தோம். தட்டச்சு செய்த பையன் என்ன செய்வான்? ஒருவருக்குச் சாதிப் பெயரைப் போட்டான், ஒருவருக்கு ஊர்ப் பெயரைப் போட்டான், ஒருவருக்குத் தந்தை பெயரையே இரண்டு முறை போட்டான். ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, வாக்காளர் பட்டியலில் மராத்தி எழுத்தில் வேறு மாதிரி, மின் கட்டண ரசீதில் இன்னொரு மாதிரி என்று ஏற்கெனவே சிதறிக் கிடந்த பெயர் நம் கையால் நான்காவது வடிவமும் எடுத்தது.

தமிழில் ஏற்ற நினைத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருந்தது. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. மெய்யும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறியீடுகளாகவே பதிவாகும். ஆரக்கிள் டேட்டாபேஸில் 30 என்று நீளம் குறித்தால் இயல்பாக அது 30 பைட்டைக் குறிக்கும், எழுத்தை அல்ல. சுப்பிரமணியன் என்ற பெயருக்கு 13 குறியீடு, 39 பைட். முத்துலட்சுமிக்கும் அதே 39. இரண்டு பெயருமே அந்தக் கட்டத்துக்குள் நுழையாது. மைஎஸ்கியூஎல்லில் 8.0 பதிப்பு வரும்வரை இயல்பான எழுத்துத் தொகுதி மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. அதை மாற்றாமல் தமிழை ஏற்றிய இடங்களில் பெயர்கள் வரிசையாகக் கேள்விக்குறிகளாக மாறின. கேள்விக்குறியான பின் அதைத் திருப்பவே முடியாது, மூல எழுத்து அங்கே பதிவாகவே இல்லை. நிறுவும்போது ஒரே ஒரு வரியைச் சரியாக எழுதியிருந்தால் தவிர்த்திருக்கலாம். தமிழ் தெரிந்த நாமே அதை எழுதவில்லை என்றால் வேறு யார் எழுதியிருக்கப் போகிறார்கள்?

ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ற யோசனையை 1970ல் ஐபிஎம்மின் எட்கர் காட் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். ஒரு செய்தியை ஒரே இடத்தில் எழுது, மற்ற இடங்களிலிருந்து அதைச் சுட்டு. அதிலிருந்து வளர்ந்த முறைதான் இன்று உலகின் பல வங்கிகளைத் தாங்கி நிற்கிறது. தாராவிக் குடும்பத்தின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. ஆளுக்கு ஒரு டேபிள், அவருக்கு மாறாத ஓர் எண். பெயர்களுக்கு இன்னொரு டேபிள், அதில் எந்த ஆவணத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே எத்தனை வடிவம் வேண்டுமானாலும். வீட்டுக்கு ஒன்று. இந்த ஆள் இந்த வீட்டில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார் என்பதற்கு ஒன்று. அந்தத் தேதிக்கு எந்தத் தாள் சான்று என்பதற்கு ஒன்று. இல்லாத வீட்டில் ஒருவர் இருந்ததாக எழுத முயன்றால் டேட்டாபேஸே மறுக்கும்படி கட்டுப்பாடு. பத்து வருடம் நாம் அலுவலகத்தில் செய்த வேலையே இதுதான். மும்பை ஐஐடியில் இருக்கும் பேராசிரியர் எஸ். சுதர்சன் இணையாசிரியராக உள்ள, அட்டையில் பாய்மரக் கப்பல் படம் போட்ட டேட்டாபேஸ் பாடப்புத்தகத்தைத் தேர்வுக்காக உருப்போட்டுப் பட்டம் வாங்கியவர்கள் நம்மில் நிறைய. அதன் முதல் சில அத்தியாயங்களைத் தாராவிச் சங்கத்துக்காகத் திறந்திருந்தால் போதும்.

அந்தத் தேதிகள் இப்போது என்ன ஆகியிருக்கின்றன என்று எல்லாருக்கும் தெரியும். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் முதலிடம் பெற்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாக சர்வே தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு. அதன் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு வீடு தாராவிக்கு வெளியே, அதுவும் இரண்டரை லட்சம் ரூபாய் கொடுத்து. மாடியில் இருப்பவர்களுக்கு வாடகை முறை. ஒரு குடும்பம் பிறந்து வளர்ந்த இடத்திலேயே இருக்குமா, வெளியே போகுமா என்பதை ஒரு பெயரும் ஒரு தேதியும் முடிவு செய்கின்றன. 1976ன் குடிசைக் கணக்கெடுப்புக்குப் பிறகு கொடுத்த போட்டோ பாஸ் என்ற அடையாளச் சீட்டை இன்றும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கும் பாட்டிகள் நம்மைவிடத் தகவலின் மதிப்பை அறிந்தவர்கள். சங்கத்துப் பதிவேடு தானாகச் சான்று ஆகிவிடாது. ஆனால் எந்த வருடத்து வாக்காளர் பட்டியலில் தேடுவது, எந்த மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளையின் சேர்க்கைப் பதிவு இருக்கும், அந்தக் கோலியை யாரிடமிருந்து எப்போது வாங்கினார்கள் என்பதற்கெல்லாம் நூல் முனை அங்கேதான் கிடைக்கும். அந்த முனையைத்தான் நாம் கேள்விக்குறியாகவும் பொய்யான குடும்பப் பெயராகவும் ஏற்றி வைத்திருக்கிறோம்.

கடைசியாக பேக்கப். நம் அலட்சியத்திலேயே பெரியது இது.

பேக்கப் எடுத்தோம், இல்லை என்று சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்கு ஓடும் ஒரு சிறு கட்டளையை எழுதி வைத்தோம். அது பிரதியை எங்கே வைத்தது? அதே இயந்திரத்தின் அதே டிஸ்கில். டிஸ்க் போனால் இரண்டும் போகும். அடுத்த மேசையில் இருந்த எக்ஸ்டர்னல் டிஸ்கில் வைத்தவர்களும் உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அதற்குப் பிறகும் கிங்ஸ் சர்க்கிளில், சயானில், குர்லாவில், செம்பூரின் தாழ்வான தெருக்களில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தண்ணீர் தேங்குகிறது. தரைத்தள அலுவலகத்தில் மேசைக்குக் கீழே சர்வரும் யூபிஎஸ்ஸும், மேசை மேல் பேக்கப் டிஸ்கும் வைப்பது இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் செய்யக்கூடிய காரியமா? ஒரு பிரதியாவது வேறு ஊரில் இருக்க வேண்டும், அல்லது கிளவுடில் வேறு வட்டாரத்தில் இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு காப்பிச் செலவில் முடிகிற விஷயம் இது.

தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐஐடியில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்த சி. மோகன், ஐபிஎம்மில் தன் சகாக்களோடு உருவாக்கிய ஏரீஸ் என்ற முறை 1992ல் வெளியானது. திடீரென மின்சாரம் போய் சர்வர் விழுந்து எழுந்தாலும், முடிந்த வேலை எதுவும் தொலையாமல், பாதியில் நின்ற வேலை எதுவும் மிச்சமில்லாமல் டேட்டாபேஸ் தன்னைத்தானே சரிசெய்துகொள்வதற்கான முறை அது. மாற்றத்தைச் செய்யும் முன் அதை லாக் என்ற பதிவேட்டில் எழுது, எழுதியது டிஸ்கில் உறுதியாகப் பதிந்த பிறகே வேலை முடிந்தது என்று சொல் என்பது அதன் அடிப்படை. பல பெரிய டேட்டாபேஸ்கள் அந்த வழியில்தான் நடக்கின்றன. நம் ஆள் ஒருவர் இப்படிப்பட்ட காரியம் செய்திருக்கிறார் என்று பெருமைப்பட வேண்டிய நாம், வேகம் போதவில்லை என்று சொல்லி, டிஸ்கில் பதிந்ததா என்று உறுதி செய்யும் அந்த அமைப்பையே நிறுத்தி வைத்தோம். 2020 அக்டோபர் 12 காலையில் மும்பை முழுக்க மின்சாரம் நின்று லோக்கல் ரயில்கள் வழியில் நின்றன. அப்படி ஒரு நாள் வந்தால், அந்த உறுதி செய்யும் அமைப்பை நிறுத்தி வைத்த சர்வர் எந்த நிலையில் எழும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பார்த்தோமா? இதுதான் கேள்வியிலேயே கேள்வி. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரில் இருந்த டேட்டாபேஸை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. அவர்களிடம் ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன, தேவைப்பட்டபோது ஒன்றும் கைகொடுக்கவில்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு. அதனால் பேக்கப் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்த ஒரு நகல் தற்செயலாகக் கிடைத்ததால் பிழைத்தார்கள். உலகத்தரமான இன்ஜினியர்கள் நிறைந்த இடம் அது. அவர்கள் நடந்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். நாம் நிறுவிய இடங்களில் பேக்கப் தோற்றால் சொல்வதற்கு மின்னஞ்சல்கூட இல்லை. அது ஓடுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு யாருடையது என்று எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதவில்லை. நிறுவியவர் வேலை மாறிப் புனேக்கோ அமெரிக்காவுக்கோ போய்விட்டார். பாஸ்வேர்டு அவரோடு போய்விட்டது.

ஏன் இப்படி ஆனது? பணமில்லை என்ற காரணம் செல்லாது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், லினக்ஸ் எல்லாமே இலவசம். தெரியாது என்பதும் செல்லாது. இலவசமாகச் செய்யும் வேலைக்கு இவ்வளவு போதும் என்று நமக்குள் ஓர் எண்ணம் இருந்தது. சம்பளம் கொடுக்கும் கிளையன்டின் தகவலுக்கு ஒரு தரம், தாராவித் தோல் தொழிலாளியின் தகவலுக்கு இன்னொரு தரம். இதை இன்னும் நாசூக்காகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தாராவியில் உள்ள பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுத்ததிலும் இதே குறை. விடுமுறையில் ஜாவா வகுப்பு நடத்தினோம், வெப் டிசைன் வகுப்பு நடத்தினோம். டேட்டாபேஸ் சர்வரை நிறுவி, பூட்டி, பேக்கப் எடுத்து, விழுந்தால் எழுப்பும் வேலையை யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுத்திருந்தால் சங்கத்து சர்வரைப் பார்த்துக்கொள்ள அந்தத் தெருவிலேயே ஆள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அது நல்ல சம்பளத்துக்கு ஒரு வேலையாகவும் ஆகியிருக்கும்.

இதை வாசிக்கும் தம்பி, தங்கைகளிடம் கேட்பது இதுதான். நீங்கள் எப்போதோ நிறுவிக் கொடுத்த இடத்துக்கு இந்த மாதம் ஒருமுறை போய் வாருங்கள். போர்ட்டை மூடுங்கள், அப்ளிகேஷனிடமிருந்து ரூட் உரிமையைப் பிடுங்குங்கள். கடைசி பேக்கப்பை எடுத்து வேறோர் இயந்திரத்தில் ஏற்றி, செயலாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து, போன வாரம் எழுதிய ரசீது அதில் வருகிறதா என்று அவர் கண்ணாலேயே பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை மூடிய உறையில் போட்டு நிர்வாகக் குழுவிடம் கொடுங்கள். அடுத்து யார் பார்த்துக்கொள்வது என்பதைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுத வையுங்கள். அங்கேயே வளர்ந்த ஒரு பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு இத்தனையையும் செய்யுங்கள்.

தாராவிச் சங்கங்களின் நோட்டுப் புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களில் பலர் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். எந்தப் பெயர் யாருடையது, எந்தக் கோலி எங்கே இருந்தது என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்கள் இருக்கும்போதே, ஜூன் மழைக்கு முன்பே, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பெயர்களைச் சரியாக ஏற்றி முடிப்போம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருப்பவர்கள் வாருங்கள், வேலை காத்திருக்கிறது.